ஆறும் ஊரும் அரசும்

(கருத்துக் கட்டுரை)

நுழையும்முன்

ஓர் ஆறு வறண்டு போனாலோ கெட்டுப் போனாலோ அதனை மீட்க வேண்டியவர் யார்? அரசு என்பர் சிலர். மக்கள் என்பர் வேறு சிலர். இந்திய மண்ணில் மீண்டெழுந்த இரண்டு சிற்றாறுகளின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

மலைச்சரிவில் தொடங்கிய வேலை

இராஜஸ்தான் மாநிலத்தின் அல்வர் மாவட்டத்தில், ஆரவல்லி மலைப்பகுதியில் அர்வரி என்றோர் ஆறு இருக்கிறது. பெரிய ஆறன்று, மாநிலத்துக்கு வெளியே அதன் பெயரை அறிந்தவர் குறைவு. 1980களில் அந்த ஆறு, மழைக்காலத்தில் சில நாள் வெள்ளம் வந்து வடிவதைத் தவிர, மணல்வெளியாகவே கிடந்தது. மலையில் இருந்த மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. முன்னோர் அமைத்த நீர்நிலைகள் தூர்ந்திருந்தன. கிணறுகள் வற்றின. வேளாண்மை பொய்த்ததால் ஆண்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றனர். ஊரில் எஞ்சிய பெண்கள் குடிநீருக்காக நெடுந்தொலைவு நடந்தனர்.

1985ஆம் ஆண்டு, தருண் பாரத் சங்கம் என்னும் தொண்டு அமைப்பைச் சேர்ந்த இராஜேந்திர சிங்கும் அவருடைய நண்பர்களும் அப்பகுதிக்கு வந்தனர். கல்வியும் மருத்துவ உதவியும் அளிப்பதே அவர்கள் நோக்கம். ஆனால், ஊர்ப் பெரியவர்கள் வேறொன்றைக் கேட்டனர். முதலில் நீர் வேண்டும். மற்றவை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றனர். கோபால்புரா என்னும் சிற்றூரில் தூர்ந்து கிடந்த ஜோஹாட் ஒன்றைத் தோண்டிச் செப்பனிடும் வேலை தொடங்கியது.

ஜோஹாட் என்பது, சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தடுத்து நிறுத்தப் பிறைவடிவில் எழுப்பப்படும் மண்கரை. தமிழகத்துக் குளத்துக்கும் ஊருணிக்கும் அது நெருங்கிய உறவு. அப்பகுதியில் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 600 மி.மீ.; அதன் பெரும்பகுதி மூன்று மாதங்களுக்குள் பெய்து தீர்ந்துவிடும். மரமற்ற சரிவில் விழும் மழை, மண்ணை அரித்துக்கொண்டு சில மணி நேரத்தில் ஓடி மறையும். மண்கரை அதனைத் தடுத்து நிறுத்துகிறது. தேங்கிய நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. முதலில் கிணறுகளில் நீர் ஊறுகிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல நிலத்தடி நீர்மட்டம் உயர்கிறது. அம்மட்டம் ஆற்றின் படுகையைத் தொடும்போது, மழை நின்ற பின்னும் ஆற்றில் ஊற்று கசியத் தொடங்குகிறது. மழையில்லாத மாதங்களில் ஆறு ஓடுவது இவ்வாறுதான். ஆகவே, ஆற்றை மீட்கும் வேலை ஆற்றங்கரையில் தொடங்கவில்லை. அதற்கு வெகுதொலைவில், மலைச்சரிவுகளில் தொடங்கியது.

ஊர் ஊராக இவ்வேலை பரவியது. எங்கே கரை எழுப்புவது, யார் எத்தனை நாள் உழைப்பது என்பதை ஊர்க்கூட்டங்கள் முடிவு செய்தன. செலவில் ஒரு பங்கை மக்கள் தம் உழைப்பாகவும் பொருளாகவும் கொடுத்தனர். அர்வரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் நூற்றுக்கணக்கான மண்கரைகளும் தடுப்பணைகளும் எழுந்தன. 1990களின் நடுப்பகுதியில், அர்வரி ஆண்டு முழுவதும் ஓடும் ஆறாயிற்று.

அரசு செய்தது என்ன?

இவ்வரலாற்றைப் பலரும் மக்கள் ஆற்றலின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடுவர். ஆனால், இதில் அரசுக்கு இருந்த பங்கு எளிதாக விட்டுவிடத்தக்கதன்று. அது படிப்பினை மிகுந்த பங்கு.

தொடக்கத்தில் அரசு உதவியாக வரவில்லை. அறிவிப்புக் கடிதமாக வந்தது. 1954ஆம் ஆண்டின் இராஜஸ்தான் நீர்ப்பாசன வடிகால் சட்டத்தைச் சுட்டி, மக்கள் எழுப்பிய கரைகள் சட்டத்துக்குப் புறம்பானவை என நீர்ப்பாசனத் துறை அறிவித்தது. ஓடும் நீர் அரசின் உடைமை என்பதும், இசைவு பெறாமல் அதனைத் தடுத்தல் குற்றம் என்பதும் துறையின் வாதம். தம் வயலில் பெய்த மழையைத் தம் கையால் தேக்கிய உழவர்கள் சட்டத்தின்முன் தவறு செய்தவர்களாக நிற்க நேர்ந்தது.

ஆற்றில் நீர் வந்தது, மீனும் வந்தது. 1996இல் அந்த மீன்களைப் பிடிக்கும் உரிமையை அரசு ஓர் ஒப்பந்தக்காரருக்குக் குத்தகைக்கு விட்டது. வறண்டு கிடந்தபோது எவரும் கேளாத ஆறு, ஓடத் தொடங்கியதும் வருவாய்க்குரிய பொருளாகிவிட்டது. ஹமீர்புரா என்னும் ஊரில் மக்கள் திரண்டு எதிர்த்தனர், குத்தகை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆற்றை மீட்டால் மட்டும் போதாது, அதனை ஆளும் முறையும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி மக்களுக்கு உணர்த்தியது.

அதன் பயனாக, 1999ஆம் ஆண்டு குடியரசு நாளன்று அர்வரி நாடாளுமன்றம் தோன்றியது. ஆற்றுப்படுகையைச் சேர்ந்த ஏறத்தாழ 70 கிராமங்களின் சார்பாளர்கள் அதில் அமர்ந்தனர். நீரை மிகுதியாக உறிஞ்சும் கரும்பு போன்ற பயிர்களைத் தவிர்த்தல், பச்சை மரங்களை வெட்டாதிருத்தல், வேட்டையாடாதிருத்தல் முதலிய விதிகளை அம்மன்றம் வகுத்தது. அதற்குச் சட்டத்தின் பின்புலம் இல்லை. ஒருவரையொருவர் நாள்தோறும் முகம் பார்த்து வாழ்பவர்களின் சொல்லே அதன் வலிமை.

மறு ஆண்டே காட்சி மாறியது. 2000ஆம் ஆண்டில், அப்போதைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் ஹமீர்புராவுக்கு நேரில் வந்து, அர்வரி தோன்றும் பகுதியில் உள்ள பாவ்ந்தா, கோல்யாலா என்னும் இரட்டைச் சிற்றூர்களின் மக்களுக்கு விருது வழங்கினார். மக்களின் கரைகளை ஒரு துறை குற்றம் என்றது. நாட்டின் முதற்குடிமகனோ அதே முயற்சியை வாழ்த்தினார். பாராட்டு மகிழ்ச்சிக்குரியது. எனினும், விருதால் சட்டம் மாறிவிடவில்லை. 2001இல் அதே மாவட்டத்தின் லாவா கா பாஸ் என்னும் ஊரில் மக்கள் ஓர் அணை கட்டியபோது, அதனை அகற்றுமாறு நீர்ப்பாசனத் துறை மீண்டும் ஆணையிட்டது.

துறையின் அச்சமும் நியாயமே

இங்கு ஒன்றை நடுநிலையோடு எண்ண வேண்டும். அவ்வணை போதிய வலிமையற்றது என்றும், கீழ்ப்பகுதியில் உள்ள பரத்பூர் மாவட்டத்துக்குச் சேர வேண்டிய நீரை அது தடுக்கும் என்றும் துறை கூறியது. இந்த இரண்டையும் வெறும் அதிகாரச் செருக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அணை உடைந்தால் அதன் கீழே வாழ்பவர்களுக்குத் தீங்கு நேரும். மேலே ஓர் ஊர் தேக்கும் நீர், கீழே மற்றோர் ஊரின் உரிமையாக இருக்கலாம். லாவா கா பாஸ் அணை சில ஆண்டுகளிலேயே பெருமழையில் உடைந்தது.

இதிலிருந்து இருவேறு முடிவுகளுக்கு வரலாம். மக்களுக்குப் பொறியியல் தெரியாது, எனவே அவர்களைத் தடுக்க வேண்டும் என்பது ஒரு முடிவு. அப்பொறியியல் அறிவு அரசிடம் இருந்தது, அது தக்க நேரத்தில் மக்களைச் சேரவில்லை என்பது மற்றொரு முடிவு. இரண்டாவதே பொருத்தமானது. துறையின் பொறியாளர் அணை கட்டும் முன்னரே களத்துக்கு வந்து, நீர் வரத்தைக் கணக்கிட்டு, கலிங்கின் அகலத்தையும் கரையின் உயரத்தையும் வரையறுத்துத் தந்திருந்தால், ஆணைக்கும் எதிர்ப்புக்கும் தேவை இருந்திராது. அறிவு தடையாக வருவதைவிடத் துணையாக வருவதே சிறப்பு.

மக்களால் இயலாதவை

அல்வரின் சிக்கல் நீர் இன்மை. பஞ்சாபின் சிக்கல் வேறு. ஹோஷியார்பூர் மாவட்டத்தில் தோன்றி, கபூர்தலா வழியாக ஏறத்தாழ 160 கி.மீ. ஓடும் காளி பேயீன் என்னும் சிற்றாறு, குருநானக்கின் வாழ்வோடு இணைந்தது. சீக்கியர்களால் புனிதமாகப் போற்றப்படுவது. அத்தகைய ஆறு, ஊர்களின் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்து, ஆகாயத்தாமரை மூடி, நீர் தெரியாத பள்ளமாகிவிட்டது.

2000ஆம் ஆண்டு சந்த் பல்பீர் சிங் சீச்சேவால் என்னும் துறவி, ஆற்றுக்குள் இறங்கிக் களையை அகற்றத் தொடங்கினார். கார் சேவை என்று பஞ்சாபில் வழங்கும் கூலி பெறாத தொண்டாக அது வளர்ந்தது. ஊர்கள் ஆள்களையும் உணவையும் கருவிகளையும் அளித்தன. ஆகாயத்தாமரை நீங்கியது, கரைகள் செப்பமாயின, படித்துறைகள் அமைந்தன. தமிழகத்தில் பிறந்த அப்துல் கலாம், குடியரசுத் தலைவராக இருந்தபோது 2006இல் அங்குச் சென்று அப்பணியைப் பாராட்டினார். 2017இல் சீச்சேவாலுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆனால், தொண்டர்களின் கைக்கு எட்டாதவை இரண்டு இருந்தன. தூர் அகற்றிய ஆற்றில் நீர் ஓட வேண்டும்; அந்நீரைத் தரும் கால்வாயின் மதகு அரசின் கையில் இருந்தது. நகரங்களின் சாக்கடை ஆற்றில் விழாதிருக்க வேண்டும். அதனைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைத்தல் நகராட்சியும் அரசும் செய்ய வேண்டிய பணி. அரசு மதகைத் திறந்தபோது ஆறு உயிர் பெற்றது. கழிவுநீரைத் தடுப்பதில் தொய்வு நேர்ந்தபோது, மீட்கப்பட்ட பின்னரும் அதே ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. ஆயிரம் பேர் ஓராண்டு உழைத்துத் தூய்மை செய்த நீரை, சுத்திகரிக்கப்படாத ஒரு சாக்கடை ஓரிரவில் கெடுத்துவிடும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டில் 279 ஆறுகளில் 311 பகுதிகள் மாசடைந்துள்ளன. இவற்றுள் பலவற்றின் நோய்க்கு முதன்மைக் காரணம் நகரக் கழிவுநீர். அதனை மண்வெட்டியாலும் கூடையாலும் தீர்க்க முடியாது. மக்கள் ஆற்றல் என்னும் சொல்லை, அரசு தன் கடமையிலிருந்து நழுவும் வாயிலாக ஆக்கிவிடல் ஆகாது.

ஆதரவு எவ்வாறு அமைய வேண்டும்?

ஊர் கூடினால்தான் தேர் நகரும். ஆனால், தேரோடும் வீதி செப்பமாக இருக்க வேண்டும். வடம் பிடிப்பது ஊரின் வேலை. வீதியைச் செப்பனிடுவது அரசின் வேலை. இந்தப் பகுப்பைத் தெளிவாகக் கொண்டால், அரசின் ஆதரவு நான்கு வகையில் அமைய வேண்டும் என்பது விளங்கும்.

முதலாவது, சட்ட ஏற்பு. 1992இல் நிறைவேறிய 73ஆவது அரசமைப்புத் திருத்தம், சிறுபாசனத்தையும் நீர் மேலாண்மையையும் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க துறைகளுள் சேர்த்தது. 2012ஆம் ஆண்டின் தேசிய நீர்க்கொள்கை, நீரைச் சமுதாயத்தின் பொதுவளமாகவும், அரசை அதன் அறங்காவலராகவும் கருதுகிறது. கொள்கையில் உள்ள இக்கருத்து வட்டார அலுவலகத்தின் மேசைவரை வந்து சேர வேண்டும். ஓர் ஊர் தன் நீர்நிலையைச் செப்பனிட முன்வந்தால், குறித்த காலத்துக்குள் ஆய்ந்து இசைவு தரவும், மறுத்தால் காரணம் கூறவும் அலுவலர் கடமைப்பட்டவராதல் வேண்டும்.

இரண்டாவது, முடிவெடுக்கும் உரிமையோடு கூடிய நிதி. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், நீர்ப்பாதுகாப்பைத் தன் பணிப்பட்டியலில் முதன்மையாக வைத்தது. 2019இல் தொடங்கிய அடல் பூஜல் திட்டம், நிலத்தடி நீர் குன்றிய ஏழு மாநிலங்களில் ஊராட்சிகளே தம் நீர்க்கணக்கை எழுதித் திட்டம் வகுக்க வழி செய்தது. இத்தகைய முயற்சிகள் சரியான திசையில் வைத்த அடிகள். ஆயினும், எத்தனை குழிகள் தோண்டப்பட்டன என்று எண்ணுவதோடு நில்லாமல், கிணற்றில் நீர் எத்தனை அடி உயர்ந்தது என்று அளப்பதே பயனுள்ள கணக்கு.

மூன்றாவது, அறிவுத்துணை. மழையளவு, மண்ணின் தன்மை, வெள்ளத்தின் வேகம் ஆகியவற்றைப் பற்றிய தரவுகள் அரசிடம் உள்ளன. எந்த ஓடையில் எந்த ஆண்டு எவ்வளவு வெள்ளம் வந்தது என்னும் நினைவு ஊரிடம் உள்ளது. இரண்டும் ஒரே இடத்தில் அமர்ந்து பேச வேண்டும்.

நான்காவது, அரசு மட்டுமே செய்யத்தக்கவற்றை அரசே தவறாமல் செய்தல். கழிவுநீரைச் சுத்திகரித்தல், ஆலைகளைக் கண்காணித்தல், மணற்கொள்ளையைத் தடுத்தல், ஆக்கிரமிப்புகளை அகற்றுதல், மேலூருக்கும் கீழூருக்கும் இடையே நீரை நேர்மையாகப் பங்கிடுதல் ஆகியவை அத்தகையன. ஊர்மக்கள் மணல் ஏற்றிய வண்டியை மறித்தால் அவர்களுடைய உயிருக்கே ஊறு நேரலாம். அங்கே நிற்க வேண்டியவர் காவல்துறையினர்.

பங்கேற்பும் கட்டாயமும்

மக்கள் பங்கேற்பு என்பது புதிய கண்டுபிடிப்பன்று. தமிழகத்தில் ஊரார் கூடி ஏரியின் தூரை அகற்றிக் கரையைக் காத்த வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் நீர்நிலைகளின் ஆளுகை ஊரின் கையைவிட்டு வருவாய்த் துறைக்குச் சென்றது; வழக்கம் தளர்ந்தது. அதனை மீட்க எண்ணிய அவ்வரசு, 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால், உரிமையை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்ட அச்சட்டத்தால் பழைய வழக்கம் தழைக்கவில்லை. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, பாசனப் பயனாளிகளின் பங்களிப்பையும் அதில் இணைத்தது. பெயர் மீண்டுவிட்டது, முடிவெடுக்கும் உரிமை எந்த அளவுக்கு ஊருக்கு மீள்கிறதோ, அந்த அளவுக்கே பொருளும் மீளும்.

ஊரிடம் ஒப்படைத்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்றும் எண்ணலாகாது. ஊருக்குள்ளும் ஏற்றத்தாழ்வுகள் உண்டு. நிலமுடையவர் கிணற்றில் நீர் உயர்கிறது. நிலமற்றவர் உழைப்பு மட்டும் கரையில் கிடக்கிறது. குடம் சுமப்பவர் பெண்கள். கூட்டத்தில் பேசுபவர் ஆண்கள். சாதியின் பெயரால் நீர்நிலையிலிருந்து விலக்கப்பட்டவர்களின் வரலாறு இந்நாட்டில் நெடியது. எனவே, அரசின் ஆதரவுக்கு ஒரு நிபந்தனை இருத்தல் தகும். பெண்களும் நிலமற்றோரும் ஒடுக்கப்பட்டோரும் அமர்ந்து பேசும் இடம் நீர்க்குழுவில் உறுதி செய்யப்பட வேண்டும். பொதுப்பணத்தால் உயரும் நீர் பொதுவான நீராகவே இருக்க வேண்டும்.

முடிவாக

இந்திய அரசமைப்பின் 51அ பிரிவு, காடுகளையும் ஏரிகளையும் ஆறுகளையும் காத்தல் ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்கிறது. 48அ பிரிவு, சுற்றுச்சூழலைக் காக்க அரசு முயல வேண்டும் என்கிறது. ஒரே நூலில், சில பக்க இடைவெளியில், இரு கடமைகளும் எழுதப்பட்டுள்ளன. ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்ப எவருக்கும் இடமில்லை.

அர்வரியின் கரையில் வாழும் உழவர்கள் தம் கடமையை முதலில் செய்தார்கள். எவருடைய ஆணைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. அவர்கள் பெற்ற முதல் மறுமொழி ஓர் அறிவிப்புக் கடிதம். வேறோர் ஆற்றங்கரையில் வேறோர் ஊர் நாளை மண்வெட்டியை எடுக்கும்போது, முதலில் வந்து சேர்வது கடிதமாக இல்லாமல், அளவுச்சங்கிலியோடு வரும் ஒரு பொறியாளராக இருக்குமானால், அரசு தன் பங்கைச் செய்யத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

எண்ணிப் பார்க்க

1. மலைச்சரிவில் எழுப்பிய மண்கரைகள், தொலைவில் உள்ள ஆற்றை எவ்வாறு ஓடச் செய்தன? படிப்படியாக எழுதுக.

2. லாவா கா பாஸ் அணையைப் பொறுத்தவரை, ஊர்மக்களின் நியாயத்தையும் நீர்ப்பாசனத் துறையின் நியாயத்தையும் தனித்தனியே தொகுத்து, உமது முடிவைக் கூறுக.

3. காளி பேயீன் ஆற்றில் மக்களால் முடிந்தவை எவை, முடியாதவை எவை?

4. உம் பள்ளி அமைந்துள்ள ஊரின் ஆறு அல்லது ஏரி ஒன்றைத் தேர்ந்துகொள்க. அதனைக் காக்க ஊர் செய்ய வேண்டியதையும் அரசு செய்ய வேண்டியதையும் விளக்கி, மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதம் வரைக.